கொக்கல விமானத்தளம்: பாதி கேட்ட எச்சரிக்கையும் பேசப்படாத கிராமமும்

காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் கரையோர வீதியில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் போனால் கொக்கல வந்துவிடும். வலது கைப் பக்கம் கடல். இடது பக்கம் வேலி, அதற்குள் ஒரு சிறிய ஓடுபாதை, அதற்கும் பின்னால் சின்னச் சின்னத் தீவுகளோடு அகன்று கிடக்கும் களப்பு. உனவட்டுனவில் குளித்துவிட்டு மிரிஸ்ஸைக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் இந்த இடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள்.

இந்தச் சிறிய தளத்திலிருந்து புறப்பட்ட ஒரு விமானம்தான் 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதை முதலில் கண்டு சொன்னது. உலகத்தில் அதிக நேரம் நிற்காமல் பறந்த பயணிகள் சேவையும் இதே களப்பில்தான் வந்து இறங்கியது. இதே தளத்துக்காகத்தான் ஒரு கிராமம் வீடுகளையும் தென்னைகளையும் விட்டுவிட்டு வெளியேறியது. முதல் கதை புகழ்பெற்றது. இரண்டாவதை விமானப் பிரியர்கள் அறிவார்கள். மூன்றாவதை அந்த ஊர்க்காரர்களைத் தவிர அதிகம் பேர் பேசுவதில்லை. மூன்றும் ஒரே இடத்தில், சில வருட இடைவெளிக்குள் நடந்தவை. தனித்தனியாகச் சொல்லும்போது மூன்றுமே குறைபட்டுப் போகின்றன என்பது என் கருத்து. அதனால் இந்த ஆய்வில் மூன்றையும் சேர்த்தே பார்க்கிறேன்.

களப்பைத் தேர்ந்தெடுத்த காரணம்

இரண்டாம் உலகப் போரில் கடலுக்கு மேலே நெடுந்தூரம் போய்க் கண்காணிக்க வேண்டுமென்றால் கடல்விமானம்தான் வழி. கேட்டலினா, சண்டர்லேண்ட் போன்ற இந்த விமானங்களின் வயிறு படகு மாதிரி இருக்கும். தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும். பல கிலோமீட்டர் கான்கிரீட் பாதை தேவையில்லை. அலை அடிக்காத அகலமான நீர்ப்பரப்பு போதும். திறந்த கடல் இதற்கு உதவாது. ஒரு பெரிய அலை வயிற்றில் மோதினால் தகடு பிளந்துவிடும். கொக்கலக் களப்பைக் கடலிலிருந்து ஒரு குறுகிய நிலப்பட்டை பிரிக்கிறது. உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். எழும்பிய சில நிமிடங்களில் விமானம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே போய்விடலாம். அங்கிருந்து தெற்கே போனால் அண்டார்டிகா வரை பெரிய நிலமே கிடையாது. கடலைப் பார்த்துக் காவல் இருக்க இதைவிட நல்ல திண்ணை இலங்கையில் கிடைத்திருக்காது.

பிரிட்டிஷ் விமானப்படை இங்கே தளம் அமைத்தபோது அது பின்வாசல் காவலாகத்தான் இருந்தது. 1942இன் முதல் மூன்று மாதங்களில் எல்லாம் தலைகீழாக மாறியது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதத்தில் ரங்கூன் போனது. அதே மாதம் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் கைக்குச் சென்றன. மலாயாவை இழந்த பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கிடைக்கும் முக்கிய இடமாக இலங்கை மிஞ்சியது. இந்தியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகும் கப்பல் பாதைகள் இந்தத் தீவைச் சுற்றித்தான் போயின. பின்வாசலாக இருந்தது மூன்றே மாதங்களில் முன்வாசலாகிவிட்டது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளின் குளிரில் பறந்துகொண்டிருந்த கனடாவின் 413ஆம் ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) அவசரமாக இலங்கைக்கு மாற்றப்பட்டது. அதன் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் லெனர்ட் பெர்ச்சால் கொக்கலயில் வந்து இறங்கியது ஏப்ரல் 2. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 4 விடிவதற்கு முன்னால் அவர் ரோந்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 4, மாலை

கேட்டலினா வேகமான விமானம் இல்லை. இரண்டு எஞ்சின்கள், ஏறத்தாழ 32 மீட்டர் அகலச் சிறகு, மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் நிதானமான ஓட்டம். அதன் பலம் பொறுமை. ஒரு பகல் முழுவதும், தேவைப்பட்டால் இரவும் சேர்த்து, கடலுக்கு மேலே கோடு போட்ட மாதிரிப் போய்ப் போய்த் திரும்பும். ரோந்து என்றால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. வெயிலில் மின்னும் தண்ணீரைப் பல மணி நேரம் கண் வலிக்கப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

அன்று மாலை 4 மணி அளவில், ரோந்து முடியும் தறுவாயில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரத்தில் அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. பெர்ச்சால் கிட்டே போனார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை என்று தெரியாமல் அனுப்பும் செய்தியால் யாருக்கும் பயனில்லை. அருகே போனபோது தெரிந்தது, பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், அவற்றைச் சுற்றிப் போர்க்கப்பல்கள்.

ஸீரோ போர் விமானங்கள் மேலே ஏறி வந்தன. கேட்டலினாவுக்குத் தப்பி ஓட வேகம் கிடையாது, ஒளிய மேகமும் கிடைக்கவில்லை. ரேடியோ இயக்குபவர் செய்தியை அனுப்பத் தொடங்கினார். அன்றைய நடைமுறைப்படி அதை மூன்று முறை அனுப்ப வேண்டும். மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருந்தபோது குண்டுபட்டு ரேடியோ சிதறிவிட்டது. விமானம் தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். அவர்களில் இருவர் படுகாயத்தோடு தண்ணீரில் மிதந்தபோது மேலிருந்து சுடப்பட்டவர்கள். மீதி ஆறு பேரை இசோகஸே என்ற நாசகாரிக் கப்பல் பிடித்துக்கொண்டது.

கப்பலில் அவர்களை அடித்துக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: செய்தி அனுப்பினாயா? இல்லை என்றே சாதித்ததாகப் பெர்ச்சால் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் செய்தி அரைகுறையாகக் கிடைத்திருந்ததால், அதைத் திரும்ப அனுப்பும்படி கொழும்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அழைப்பை ஜப்பானியரும் ஒட்டுக் கேட்டார்கள். பொய் அம்பலமானது. அதற்குப் பிறகு அந்த ஆறு பேருக்குக் கிடைத்தது இன்னும் மோசமான அடி. போர் முடியும்வரை அவர்கள் ஜப்பானில் கைதிகள். முகாம்களில் சக கைதிகளுக்காக எதிர்த்து நின்றதற்காகப் போருக்குப் பின் பெர்ச்சால் கௌரவிக்கப்பட்டார். 2004இல் காலமானார். 'இலங்கையின் இரட்சகர்' என்ற பட்டம் இன்றைக்கும் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது.

எச்சரிக்கை வந்தும் கொழும்பு திகைத்தது எப்படி

கதையை இங்கே நிறுத்துவதுதான் வழக்கம். வீரர் கண்டார், செய்தி அனுப்பினார், தீவு பிழைத்தது. ஆனால் மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் நடந்தது இவ்வளவு எளிமையானதல்ல. நிகழ்வு ஆய்வு என்று பார்த்தால் கற்றுக்கொள்ள அதிகம் உள்ள பகுதி இதுதான்.

செய்தியால் பலன் கிடைத்தது, அதில் சந்தேகமில்லை. அன்றிரவே கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல வெளியே அனுப்பப்பட்டன. போர் விமானங்களும் பீரங்கிகளும் தயார் நிலைக்கு வந்தன. முழுத் துறைமுகத்தையும் தூக்கத்தில் பிடிக்கலாம் என்று நகுமோ நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. இன்னொரு பேர்ல் ஹார்பர் தவிர்ந்தது.

ஆனால் ஜப்பானிய விமானங்கள், ஏறத்தாழ 125, காலிப் பக்கமாகக் கரையைத் தொட்டு மேற்குக் கரையை ஒட்டியே பட்டப்பகலில் பறந்து வந்தும், இரத்மலானை விமானத்தளத்தில் இருந்தவர்கள் அவற்றைத் தலைக்கு மேலே பார்த்த பிறகுதான் ஹரிகேன் விமானங்களைக் கிளப்பினார்கள். கொழும்பில் ரேடார் இருந்தது. அது வந்தவர்களைப் பிடிக்கவில்லை. காவல் மாறும் நேரம், பராமரிப்பு என்று பின்னால் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. கரையில் பார்த்தவர்களிடமிருந்து விமானத்தளத்துக்குச் செய்தி போய்ச் சேரும் ஒழுங்கான ஏற்பாடு இருக்கவில்லை. ஓடுபாதையிலிருந்து மேலே ஏறும் ஹரிகேன் ஒரு சுலபமான இலக்கு. அன்று ஏறத்தாழ 20 போர் விமானங்கள் போயின. திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் எதிர்பாராமல் இந்தக் கூட்டத்துக்குள் வந்து மாட்டின. ஆறும் வீழ்ந்தன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் போட்டிருந்த தற்காலிக ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரியாதது மட்டும் ஓர் ஆறுதல். அங்கிருந்த ஹரிகேன்கள் இடையூறில்லாமல் எழும்ப முடிந்தது.

கடலில் நிலைமை இன்னும் கசப்பானது. தாக்குதல் ஏப்ரல் 1 அளவில் வரும் என்று உளவுத் தகவல் முன்பே கிடைத்திருந்தது. பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில் தன் கடற்படையோடு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வரவில்லை. எரிபொருளும் தண்ணீரும் குறைந்துவிட்டதால் ஏப்ரல் 2 இரவு மாலைதீவின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்ப முடிவெடுத்தார். தகவல் தப்பாகிவிட்டது என்ற எண்ணத்தில் டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்களைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தார். பெர்ச்சாலின் செய்தி வந்தபோது கடற்படை மிகவும் தள்ளி இருந்தது. அந்த இரு கப்பல்களும் கொழும்பிலிருந்து அவசரமாகத் திரும்பி ஓடி வந்து தலைவரோடு சேர முயன்றன. ஏப்ரல் 5 பிற்பகலில் ஜப்பானியர் அவற்றைக் கண்டுபிடித்து மிகக் குறுகிய நேரத்தில் மூழ்கடித்தார்கள். இறந்தவர்கள் 424 பேர்.

எச்சரிக்கை வருவது வேறு, அது கடைசி மனிதன் வரை போய்ச் சேருவது வேறு. கொக்கலயில் தொடங்கிய சங்கிலி கொழும்புத் தலைமையகம் வரை உறுதியாக இருந்தது. அங்கிருந்து இரத்மலானை ஓடுபாதை வரையுள்ள சில கிலோமீட்டரில் அறுந்துவிட்டது. 600 கிலோமீட்டர் தூரத்தில் ஒன்பது பேர் உயிரைப் பணயம் வைத்து வாங்கிக்கொடுத்த இரவு அது. அந்த இரவின் ஒரு பகுதி வீணாய்ப் போனதை நினைத்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

பெயர் கேள்விப்படாத மற்ற இரு குழுக்கள்

பெர்ச்சால் வீழ்ந்த அதே இரவில் ஜப்பானியப் படையைத் தொடர்ந்து கண்காணிக்கக் கொக்கலயிலிருந்து வேறு கேட்டலினாவும் போனது. 205ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த பிளைட் லெப்டினன்ட் கிரகாமின் விமானம் இருட்டில் படையைத் தேடிப் பிடித்து, விடிகாலை வரை செய்தி அனுப்பியது. பிறகு அதன் குரல் நின்றுவிட்டது. யாரும் திரும்பவில்லை.

ஏப்ரல் 8 அன்று ஒரு கேட்டலினா ஜப்பானியக் கப்பல்களைத் தீவின் கிழக்கே கண்டு சொன்னது. அதனால் திருகோணமலைத் துறைமுகம் அன்றிரவே காலி செய்யப்பட்டது. மறுநாள் ஏப்ரல் 9 காலை, 413ஆம் ஸ்குவாட்ரனின் பிளைட் லெப்டினன்ட் ரே தாமஸ் திருகோணமலைக்குக் கிழக்கே மீண்டும் அந்தப் படையைக் கண்டார். அவருடைய விமானமும் வீழ்த்தப்பட்டது. அங்கேயும் எல்லோரும் இறந்தார்கள். திருகோணமலை தாக்கப்பட்டது. துறைமுகத்தை விட்டு வெளியேறிக் கரையை ஒட்டித் தெற்கே போயிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதன் மேல்தளத்தில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. அதில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சிதைவு இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது. ஆழ்கடல் நீச்சலில் தேர்ந்தவர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். கல்லடிக் கடற்கரையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆக, ஒரே வாரத்தில் கொக்கல மூன்று விமானங்களை இழந்தது. ஒரு குழுவின் தலைவர் உயிரோடு திரும்பினார், பேசினார், பேட்டி கொடுத்தார். அதனால் அவர் கதை நமக்குக் கிடைத்தது. மற்ற இரண்டிலும் திரும்பி வந்து கதை சொல்ல ஆளில்லை. பெர்ச்சாலின் துணிவை இது குறைக்காது. ஆனால் கொக்கலயின் பெருமை ஒரு மனிதரின் பெருமை மட்டும் இல்லை. விழுந்தவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்துக்கொண்டு போன காவல் அது. முதலாவது திரும்பவில்லை என்று தெரிந்தபிறகும் இரண்டாவது குழு கிளம்பியதே, அது என் மனதில் அதிகம் நிற்கிறது.

நகுமோவின் படை ஏப்ரல் 9க்குப் பிறகு கிழக்கே திரும்பியது. திரும்பவும் அந்த அளவில் இந்தியப் பெருங்கடலுக்கு வரவில்லை. ஆனால் அது வராது என்று அப்போது யாருக்கும் தெரியாதே. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் பீதி. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின, மக்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார்கள். தாத்தா பாட்டி சொன்ன 'மெட்ராஸ் காலியான கதை' பல தமிழ்க் குடும்பங்களில் உண்டு. அதன் மறுமுனை இந்தக் களப்பில் இருக்கிறது.

413ஆம் ஸ்குவாட்ரன் இப்போதும் கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் கிரீன்வுட் தளத்தில், கடலில் தத்தளிப்பவர்களைத் தேடி மீட்கும் பணியில் இருக்கிறது. அதன் சின்னம் ஒரு யானைத் தலை. பனி பெய்யும் ஊரில் யானை எப்படி வந்தது என்றால், இலங்கையிலிருந்துதான்.

இரண்டு சூரிய உதயம்

1943 நடுவில் கொக்கலக் களப்புக்கு வேறொரு வேலை வந்தது. சிங்கப்பூர் விழுந்ததால் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான விமான வழி அறுந்துபோயிருந்தது. அதை ஒட்டவைக்க ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து நேராகக் கொக்கலவுக்குப் பறந்தது. தூரம் 5,600 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் எங்கும் இறங்க முடியாது. சில பகுதிகள் ஜப்பானிய விமானங்களின் எட்டும் தூரத்தில் இருந்தன.

இதற்கு ஐந்து கேட்டலினாக்கள். வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள்: அல்டேர், வேகா, ஆண்டாரஸ், ரைஜல், ஸ்பைகா. துப்பாக்கிகளைக் கழற்றினார்கள், உள்ளே வெப்பம் காக்கும் பூச்சைக்கூட உரித்தெடுத்தார்கள், மிச்சமான எடையெல்லாம் பெட்ரோல். ஏறத்தாழ 9,000 லிட்டர். அப்படியும் ஏற்ற முடிந்தது மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான். கிளம்பிய முதல் பத்து மணி நேரம் வரை விமானம் அவ்வளவு கனமாக இருக்கும். அதற்குள் ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்றால் தாங்க முடியாது, கடலில் விழ வேண்டியதுதான்.

ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. இரவில் நட்சத்திரங்களை அளந்து வழி கண்டுபிடித்தார்கள். காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி நேரம் ஆகும். பயணிகள் வானத்திலேயே இரண்டு முறை சூரிய உதயம் பார்ப்பார்கள். அதற்கு ஒரு சான்றிதழும் கொடுக்கப்பட்டது. 1945 வரை 271 முறை இந்தக் கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. ஆகாயத்தில் செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டால், இடைநில்லாப் பயணிகள் சேவையில் அதைவிட நீண்டது இன்றுவரை இல்லை. போர் முடிந்ததும் குத்தகை ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி அந்த விமானங்கள் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. இவ்வளவு உழைத்த விமானங்களில் ஒன்றையாவது வைத்திருக்கக்கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

மலலகம

களப்புக்கும் கடலுக்கும் நடுவே இருந்த நிலம் வெறும் நிலமல்ல. மலலகம அங்கேதான் இருந்தது. சிங்கள இலக்கியத்தின் பெரும் ஆளுமை மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த ஊர். தென்னை, கறுவா, களப்பு மீன் என்று வாழ்ந்த சனங்கள். தளம் அமைக்க அரசு நிலத்தை எடுத்தபோது அவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறுகிய அவகாசம். போர்க்கால உத்தரவு, மறுத்துப் பேச வழியில்லை. வீடுகள் இடிக்கப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் தப்பியது. விமானப்படை அதிகாரி ஒருவர் அதில் குடியிருந்ததால் இடிக்காமல் விட்டார்கள் என்பது ஊரில் சொல்லப்படும் காரணம். இன்று அந்த வீடும் அதைச் சுற்றிய தோட்டமும் நாட்டார் அருங்காட்சியகமாக இருக்கின்றன.

அந்த அருங்காட்சியகம் மிக நல்லது. பழைய உழவுக் கருவி, மாட்டு வண்டி, முகமூடி, பாத்திரம், படகு என்று தென்னிலங்கைக் கிராம வாழ்வு முழுக்க அங்கே இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு கிராமத்தின் பொருட்கள் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்க, அந்தக் கிராமத்தின் பெரும்பகுதி வேலிக்குப் பின்னால் போய்விட்டது. விமானத்தளத்தின் வரலாறும் இந்த வீட்டின் வரலாறும் ஒன்றுக்கொன்று அடுத்த வாசல். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியாக வராது.

போர் இந்தக் கரையில் வேறு தடமும் விட்டது என்கிறார்கள். கடலில் நட்ட ஒற்றைக் கம்பத்தில் குந்தியிருந்து தூண்டில் போடும் மீனவர்களின் படம் இலங்கைச் சுற்றுலாவின் முகம். கொக்கல, அஹங்கம, வெலிகம பக்கத்தில் அந்த முறை பழங்காலத்தது அல்ல, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. உணவுத் தட்டுப்பாடு, கரையில் மீன்பிடிக்கும் பாறைகளில் நெரிசல். அதனால் முதலில் மூழ்கிய கப்பல், விமானச் சிதைவுகள் மேலே ஏறி உட்கார்ந்தார்கள், பிறகு தாங்களே கம்பம் நட்டார்கள். அப்படியென்றால் தளத்தைப் பற்றிய ஆய்வில் அவர்களுக்கும் இடம் உண்டு.

இன்றைய தளம்

போருக்குப் பிறகு கடல்விமானக் காலம் மெதுவாக முடிந்தது. நெடுந்தூரம் பறக்கும் தரை விமானங்கள் வந்துவிட்டன. கொக்கல இப்போது இலங்கை விமானப்படையின் நிலையம். உள்நாட்டு விமானங்களும் அங்கே இறங்கலாம். களப்பில் சிறிய கடல்விமானங்கள் சுற்றுலாப் பயணிகளை இறக்கியதும் உண்டு. பக்கத்தில் 1991இல் ஏற்றுமதிப் பதப்படுத்தல் வலயம் வந்தது. காலையில் அந்த வீதியில் அதிகம் தெரிவது சீருடை இளைஞர்களல்ல, தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள். களப்பில் படகுச் சவாரி, கறுவாத் தீவு, கரையில் விடுதிகள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையைக் கிழித்தபோது காலி மாவட்டத்தில் விமானம் இறங்கக்கூடிய இடம் இதுதான். நிவாரணப் பொருட்களும் வெளிநாட்டு மீட்புக் குழுக்களும் இங்கே வந்து இறங்கின. வீதியும் ரயில் பாதையும் அறுந்து கிடந்த நாட்களில் ஒரு சிறிய ஓடுபாதைக்கு இருக்கும் மதிப்பு அப்போது தெரிந்தது. இந்தத் தளத்தை மூடிவிட்டு முழுவதையும் நினைவுச்சின்னமாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை செய்யும் தளமாக இருப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது. கைவிட்டிருந்தால் இத்தனை நேரம் விடுதிகளாகியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இராணுவ நிலையத்துக்குள் பொதுமக்கள் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. விமானப்படையின் அருங்காட்சியகம் இரத்மலானையில் இருக்கிறது, கொக்கலயில் அல்ல. வீதியில் போகிறவருக்கு வேலிதான் தெரியும்.

வேலிக்கு வெளியே செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய செலவும் பிடிக்காது. நாட்டார் அருங்காட்சியகத்துக்கு ஏற்கெனவே பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். அங்கே ஓர் அறையில் இந்தக் கதை முழுவதையும் சேர்த்து வைக்கலாம்: பெர்ச்சாலின் குழு, கிரகாமின் குழு, தாமஸின் குழு என மூன்றின் எல்லாப் பெயர்களும், குவாண்டாஸ் விமானங்களின் பாதையும், அதே சுவரில் நிலத்தை இழந்த குடும்பங்களின் பெயர்களும், பழைய ஊரின் வரைபடத்தின் மேலே இன்றைய தளத்தின் வரைபடமும். எந்தக் கிணறு எங்கே இருந்தது, எந்த வீட்டின் மேலே ஓடுபாதை போகிறது என்று பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டும்படி இருக்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். மட்டக்களப்பில் ஹெர்மிஸ் கிடக்கும் கடலுக்கு எதிரிலும் இதே மாதிரி ஒரு பலகை வைத்தால் தென்கரையும் கீழ்க்கரையும் ஒரே வாரத்தில் பட்ட பாடு இரண்டு பக்கத்துக்கும் புரியும்.

இவற்றில் பெயர்ப் பட்டியல்களும் வரைபடங்களும் காகிதத்தில் இருப்பவை, சில வருடம் தாமதித்தாலும் எடுத்துவிடலாம். ஊரை விட்டு நடந்தவர்களின் நினைவு அப்படியல்ல. அப்போது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது கொக்கலவுக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் போய், எந்தப் பாதையால் போனீர்கள், எதைத் தூக்கிக்கொண்டு போனீர்கள், அன்றிரவு எங்கே படுத்தீர்கள் என்று அவர்களிடம் கேட்பது.